கையொப்பமிட முன் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்

மீளக்குடியமரும் குடும்பமொன்றின் கைக்கு ஒரு வருடத்தில் எத்தனை தாள்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிரதேச செயலகத்தின் படிவம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கடிதம், நொத்தாரிசின் உறுதிப் பிரதி, நில அளவையாளரின் வரைபடம், வீட்டுத்திட்ட ஒப்பந்தம், வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் அனுப்பிய அற்றோணித் தத்துவம், வங்கிக் கடிதம். இவற்றுள் பல தமிழில் இருக்கும். ஆனால் பழைய உறுதிகளும் வரைபடங்களும் வெளிநாட்டுப் பத்திரங்களும், நன்கொடை தரும் நிறுவனங்களின் உடன்படிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன.

அந்தத் தாளை வரிக்கு வரி வாசிக்கும் ஆங்கிலம் எல்லோரிடமும் இருக்க வேண்டியதில்லை. அதிலுள்ள முக்கியமான பெயர்ச்சொற்களை இனங்காண முடிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நீங்கள் யார், உங்களிடம் இருப்பது என்ன, உங்களுக்குக் கிடைக்கப்போவது என்ன என்ற மூன்றையும் சொல்பவை பெயர்ச்சொற்களே. உங்கள் உரித்து அந்தச் சொற்களில்தான் தங்கியிருக்கிறது. பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல், இளவாலைப் பகுதிகளில் வாழும் குடும்பங்களையும், 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்து இன்னும் காணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களையும் மனதிற்கொண்டு இந்தப் பகுதி எழுதப்பட்டுள்ளது.

ஒரே சொல், இரண்டு வேலை

தமிழில் பெயர்ச்சொல்லை அடையாளம் காண்பது இலகு. அது வேற்றுமை உருபை ஏற்கும். காணி என்ற சொல் காணியை, காணிக்கு, காணியில் என்று வரும். ஆங்கிலப் பெயர்ச்சொல் அப்படி உருபை ஏற்பதில்லை. பன்மைக்கு ஓர் 'எஸ்' சேரும், உடைமையைக் காட்ட இன்னொரு 'எஸ்' சேரும். மற்றப்படி, வசனத்தில் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது பெயரா வினையா என்று சொல்ல முடியும்.

இதனால் ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வரும். தமிழிலும் இது இல்லாமல் இல்லை. 'அடி' என்றால் அடிக்கச் சொல்லும் ஏவல். 'அடி விழுந்தது' என்றால் அதே சொல் பெயர். பாடசாலையில் இதை முதனிலைத் தொழிற்பெயர் என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இந்த வகை மிக அதிகம். மீள்குடியேற்றத் தாள்களில் அடிக்கடி வருபவை பேர்மிற், கிளெயிம், றிலீஸ், றிற்றேர்ன், சேர்வே, கிறான்ற், லீஸ் ஆகியவை.

இனங்காண ஓர் எளிய வழி உண்டு. சொல்லுக்கு முன்னால் 'த', 'ஏ', 'ஆன்', 'திஸ்', 'யுவர்' என்பவற்றுள் ஒன்று நேரே நின்றால் அது பெயர். பின்னால் 'ஒவ்' வந்தாலும் பெரும்பாலும் பெயரே. 'த றிலீஸ் ஒவ் லான்ட்' என்றால் காணி விடுவிப்பு. 'ரு றிலீஸ்' என்று முன்னால் 'ரு' வந்தால் அது விடுவித்தல் என்ற வினை.

'றிலீஸ்' என்ற சொல்லில் இன்னொரு கவனமும் தேவை. காணி விடுவிப்புக்கும் அதே சொல். கோரிக்கையைக் கைவிடும் பத்திரத்துக்கும் அதே சொல். இழப்பீடோ உதவித்தொகையோ தந்துவிட்டு ஒரு 'றிலீஸ்' பத்திரத்தில் கையொப்பம் கேட்டால், இந்த விடயத்தில் இனி எதுவும் கேட்கமாட்டேன் என்ற பொருள் அதில் இருக்கலாம். ஆகவே அந்தச் சொல் தலைப்பில் இருந்தால், எதை யார் விடுகிறார் என்று கேளுங்கள். காணியை அரசு விடுகிறதா, உரித்தை நீங்கள் விடுகிறீர்களா?

'ஐ-என்-ஜி'யில் முடியும் பெயர்கள்

ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'ஐ-என்-ஜி' இருந்தால் அது வினை என்றே பலர் நினைக்கிறார்கள். தாள்களில் அது பெரும்பாலும் பெயராக வருகிறது. நமது தொழிற்பெயரைப் போன்றது. கட்டு என்பதிலிருந்து கட்டல், நடு என்பதிலிருந்து நடுதல் வருவதுபோல, ஆங்கிலத்தில் 'ஐ-என்-ஜி' சேர்கிறது. சில வேளை அது செயலைக் குறிப்பதை விட்டுப் பொருளின் பெயராகவே நிலைத்துவிடும். 'பில்டிங்' என்றால் கட்டடம். 'டுவெலிங்' என்றால் குடியிருக்கும் வீடு. 'ஹவுசிங்' என்றால் வீடமைப்பு. 'ஃபென்சிங்' என்றால் வேலி அல்லது வேலியடைப்பு. 'ஹோல்டிங்' என்றால் ஒருவர் வைத்திருக்கும் காணித்துண்டு. 'ஹியறிங்' என்று கடிதத்தில் திகதியோடு வந்தால் அது காது கேட்பது பற்றியதல்ல. உங்களை அழைத்திருக்கும் விசாரணை. அந்தத் திகதியைத் தவறவிடக் கூடாது.

சேத விபரப் படிவத்தில் 'டுவெலிங்' என்ற வரியும் 'பில்டிங்' என்ற வரியும் தனித்தனியாக இருந்தால், குடியிருந்த வீட்டை எதில் எழுதுவது, தனிக் குசினி, மாட்டுக்கொட்டில், கிணறு ஆகியவற்றை எதில் எழுதுவது என்று நிரப்பும் அலுவலரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதாமல் விட்டதைப் பிறகு சேர்ப்பது கடினம்.

ஆளைக் குறிக்கும் பெயர்கள்

'இடம்பெயர்ந்த' என்பது பெயரெச்சம். 'இடம்பெயர்ந்தோர்' என்றவுடன் அது ஆட்களின் பெயராகிவிடுகிறது. நன்னூல் வழியில் படித்தவர்கள் இதை வினையாலணையும் பெயர் என்பார்கள். ஆங்கிலத்தில் இதே வேலையை 'த' என்ற சிறு சொல் செய்கிறது. 'டிஸ்பிளேஸ்ட்' என்றால் இடம்பெயர்ந்த. 'த டிஸ்பிளேஸ்ட்' என்றால் இடம்பெயர்ந்தோர். 'த மிஸ்ஸிங்' என்றால் காணாமற்போனோர். 'த டிசீஸ்ட்' என்றால் இறந்தவர். சத்தியக்கடதாசியில் வரும் 'த அண்டர்சைன்ட்' என்றால் கீழே கையொப்பமிடுபவர், அதாவது நீங்கள்.

தமிழில் 'இறந்தவர்', 'இறந்தவர்கள்' என்று ஒருமையும் பன்மையும் சொல்லிலேயே தெரியும். 'த டிசீஸ்ட்' ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோரை இழந்தவர்கள், ஒவ்வொருவரின் பெயரும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

'மிஸ்ஸிங்', 'டிசீஸ்ட்' என்ற இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நெடுங்காலம் பல குடும்பங்கள் ஒரு சங்கடத்தில் இருந்தன. மகனின் பெயரிலிருக்கும் வங்கிக் கணக்கையோ காணியையோ தொட வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ் கேட்கப்பட்டது. மரணம் என்று எழுத மனமும் இல்லை, ஆதாரமும் இல்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 'சேர்ட்டிபிக்கற் ஒவ் அப்சென்ஸ்' என்ற சான்றிதழுக்கு வழி பிறந்தது. 'டெத்' என்பது மரணம் என்ற பெயர்ச்சொல். 'அப்சென்ஸ்' என்பது இல்லாமை என்ற பெயர்ச்சொல். ஆள் இங்கே இல்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. இறப்பை ஏற்றுக்கொள்ளாமலே சில அலுவல்களைச் செய்ய அந்த ஒரு பெயர்ச்சொல் இடம் தருகிறது. உங்களிடம் எந்தச் சான்றிதழுக்கான விண்ணப்பம் தரப்படுகிறது என்று அறிய, 'ஒவ்' என்பதற்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பாருங்கள்.

செய்தவர் மறையும் பெயர்கள்

ஒரு செயலைப் பெயர்ச்சொல்லாக மாற்றும்போது செய்தவர் மறைந்துவிடலாம். 'வீடு இடிந்தது', 'வீட்டை இடித்தார்கள்' என்ற இரண்டும் தமிழில் வேறு. பெயராக்கினாலும் அழிவு வேறு, அழிப்பு வேறு. ஆங்கிலத்தில் 'டிஸ்ற்றக்‌ஷன் ஒவ் ஹவுஸ்' என்று எழுதினால் வீட்டுக்கு அழிவு வந்தது தெரியும். புயலாலா, எறிகணையாலா, இயந்திரம் கொண்டு இடித்ததாலா என்பது தெரியாது. 'டிஸ்பிளேஸ்மென்ற்', 'அக்குவிசிஷன்' என்பனவும் இப்படிப்பட்டவையே.

இதன் கனத்தை நன்றாக அறிந்தவர்கள் தங்கள் உறவுகளைத் தேடும் தாய்மார். 'காணாமற்போனோர்' என்ற சொல்லை அவர்கள் ஏற்பதில்லை. தாமாகப் போனவர்களைப் போல அது ஒலிக்கிறது என்பதால் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் 'மிஸ்ஸிங் பேர்சன்ஸ்' என்று இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் 'என்ஃபோஸ்ட் டிஸ்அப்பியறன்ஸ்' என்று இருக்கிறது. 'டிஸ்அப்பியறன்ஸ்' என்ற பெயர் தனியே நின்றால் மறைவு என்ற பொருள்தான். அதற்கு முன் 'என்ஃபோஸ்ட்' சேர்ந்த பிறகே செய்த ஒருவர் இருக்கிறார் என்பது தெரிகிறது.

நீங்கள் தமிழில் சொன்ன வாக்குமூலம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யார் செய்தது என்று நான் சொன்னது இதில் இருக்கிறதா? எப்போது என்பது இருக்கிறதா? எங்கே என்பது இருக்கிறதா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறுபடுத்திச் சொல்லுங்கள். எழுத்திலும் அது வேறுபட்டிருக்க வேண்டும்.

கொடுப்பவரும் பெறுபவரும்

உறுதிகளில் அடிக்கடி வரும் ஒரு சோடி உண்டு. சொல்லின் கடைசியில் 'ஓ-ஆர்' அல்லது 'ஈ-ஆர்' இருந்தால் செய்பவர், கொடுப்பவர். 'ஈ' எழுத்து இரண்டு இருந்தால் பெறுபவர். நன்கொடை உறுதியில் 'டோனர்' கொடுப்பவர், 'டோனி' பெறுபவர். விற்பனை உறுதியில் 'வென்டர்' விற்பவர், 'வென்டி' வாங்குபவர். குத்தகையில் 'லெசர்' காணியைக் கொடுப்பவர், 'லெசி' எடுப்பவர்.

ஈட்டு உறுதியில் மட்டும் பலர் குழம்புவார்கள். 'மோட்கேஜர்' என்பவர் காசு கொடுத்தவரல்ல. காணியை ஈடாகக் கொடுத்துக் கடன் பெற்றவரே அவர். கடன் கொடுத்தவர் 'மோட்கேஜி'. இங்கே கொடுக்கப்படுவது காணி என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

'ஈ' இரண்டு இருக்கும் எல்லாச் சொல்லும் பெறுபவரைக் குறிப்பதில்லை. 'றிற்றேர்னி' என்றால் திரும்பி வந்தவர். 'றெஃபியூஜி' என்றால் தஞ்சம் புகுந்தவர். நாட்டின் எல்லையைத் தாண்டியவரையே சர்வதேசச் சட்டம் அப்படி அழைக்கிறது. தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியவரும், மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ இருந்து திரும்பியவரும் வழக்கத்தில் அகதிகள் என்றே அழைக்கப்படுகிறார்கள். படிவத்தில் முதலாமவர் 'றெஃபியூஜி றிற்றேர்னி', இரண்டாமவர் 'ஐ-டி-பி', அதாவது உள்ளூரில் இடம்பெயர்ந்தவர். உதவித் திட்டங்கள் இவ்விரண்டுக்கும் வேறுபடலாம். கட்டத்தை மாறி நிரப்ப வேண்டாம்.

அற்றோணித் தத்துவத்தில் வரும் 'அற்றோணி' சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருப்பவர் தமக்குப் பதிலாகச் செயற்பட நியமிக்கும் எவரும் அந்தத் தாளில் அற்றோணிதான். உங்களை அப்படி நியமித்திருந்தால் காணி உங்களுடையதாகிவிடாது. விற்கவும் அதிகாரம் உண்டா, பராமரிக்க மட்டுமா என்று அந்தப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்புதலா, வேறிடமா

தமிழில் 'மீள்குடியேற்றம்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் எழுந்து போய், அடுத்த வருடம் சொந்த வீட்டுக்குத் திரும்பியதும் மீள்குடியேற்றம். சொந்தக் காணிக்குப் போக முடியாமல் வேறிடத்தில் வீடு பெறுவதும் மீள்குடியேற்றம். ஆங்கிலத்தில் இவை வேறு வேறு பெயர்ச்சொற்கள். 'றிற்றேர்ன்' என்றால் சொந்த இடத்துக்குத் திரும்புதல். 'றீலொக்கேஷன்' என்றால் வேறோர் இடத்தில் குடியமர்த்தல். 'றீசெற்றில்மென்ற்' இலங்கையில் இரண்டுக்கும் வழங்குகிறது. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகளோ, சொந்த இடத்துக்குத் திரும்புவதையும் நாட்டின் வேறொரு பகுதியில் குடியமர்வதையும் தனித்தனியாகச் சொல்கின்றன. இரண்டும் அவரவர் விருப்பத்தின்படி, பாதுகாப்பாகவும் கௌரவமாகவும் நடக்க வேண்டும் என்பது அவற்றின் நிலைப்பாடு.

வேறிடத்தில் வீடு ஏற்கும் குடும்பம், பழைய காணியின் உரித்துப் பற்றி அந்தத் தாளில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். இது முக்கியமான விடயம். 2013இல் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் வந்தபோது, உரிமையாளர் பெருந்தொகையாக நீதிமன்றம் சென்றது உறுதிகள் கையில் இருந்ததால்தான். வேறிடத்தில் வாழ்ந்துகொண்டே காணிக்கு உரிமை கோர அவர்களால் முடிந்தது.

உங்கள் கையிலுள்ள பத்திரத்தின் பெயர்

'டீட்' என்றால் உறுதி. 'பேர்மிற்' என்றால் அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரமும், நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு அளிப்புப் பத்திரமும் வழங்கப்படும். அந்த அளிப்புக்கு ஆங்கிலத்தில் 'கிறான்ற்' என்று பெயர். அதே 'கிறான்ற்' வீட்டுத்திட்டத்தில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத நிதியுதவியைக் குறிக்கும். இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பமொன்றுக்குக் கட்டங்கட்டமாகத் தரப்பட்ட 550,000 ரூபா இத்தகையது. 'லோன்' என்று இருந்தால் அது கடன். வட்டியோடு திரும்பச் செலுத்த வேண்டும். ஒரே உடன்படிக்கையில் இரண்டு சொற்களும் வருவதுண்டு. எவ்வளவு கிறான்ற், எவ்வளவு லோன் என்று தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

'ஓனர்' என்றால் உரிமையாளர். 'ஒக்கியுப்பயர்' என்றால் குடியிருப்பவர். 'கிளெயிமன்ற்' என்றால் உரித்துக் கோருபவர். நீங்கள் உறுதிக்காரராக இருந்தும் 'ஒக்கியுப்பயர்' என்ற கட்டத்தில் மட்டும் அடையாளமிட்டால், குடியிருப்பவர் என்ற அளவோடு உங்கள் பதிவு நின்றுவிடும்.

ஊரின் பெயரும் காணியின் பெயரும்

ஆட்பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். இவற்றை மொழிபெயர்க்கக் கூடாது. ஒலியை மட்டுமே எழுத வேண்டும். ஆனால் ஒலியை எழுதுவதில் ஒரே முறை இல்லை. பண்டத்தரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1820இல் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடரின் காலத்து ஆங்கில ஏடுகளில் ஊர்ப்பெயர் 'பண்டிற்றரிப்போ' என்பதுபோல எழுதப்பட்டிருக்கும். இன்றைய பெயர்ப்பலகைகளிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றுக்கொன்று வேறுபடும். பேரனின் உறுதியில் ஒரு விதமாகவும் பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருப்பது புதினமல்ல. அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே இனி எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். பழைய தாள் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து இணைத்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் காணித்துண்டுகளுக்கும் பெயர் உண்டு. கலட்டி, புலம், சீமா, வளவு, தோட்டம் என்று முடியும் அந்தப் பெயர்கள் உறுதியில் இருக்கும். அவையும் சிறப்புப் பெயர்களே. 'தோட்டம்' என்பதைக் 'கார்டின்' என்று மொழிபெயர்த்து எழுதினால், பதிவேட்டில் தேடும்போது அந்தக் காணி கிடைக்காது. பெயர் உறுதியில் உள்ளபடியே, நாற்புற எல்லைகளோடு எழுதப்பட வேண்டும். பரப்புக் கணக்கையும் பாருங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு 10 பேர்ச்.

தமிழில் கேட்கும் உரிமை

ஆங்கிலப் பெயர்ச்சொற்களை அறிந்துகொள்வது உங்களுக்குக் கைகொடுக்கும். அது உங்கள் கடமை அல்ல. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்க வேண்டும் என்கிறது. அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அது மறுக்கப்பட்டால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

அவசரம் என்று சொல்லி ஆங்கிலத் தாளை நீட்டினால், இவற்றைச் செய்யுங்கள்:

1. தலைப்பிலுள்ள பெயர்ச்சொல் என்ன என்று கேளுங்கள். டீட், பேர்மிற், றிலீஸ், லோன் ஆகியவற்றுள் எது?
2. உங்களை அந்தத் தாள் என்ன பெயரால் அழைக்கிறது என்று பாருங்கள். ஓனரா, ஒக்கியுப்பயரா, டோனரா, டோனியா?
3. ஆட்பெயர், ஊர்ப்பெயர், காணிப்பெயர் மூன்றும் உறுதியிலும் அடையாள அட்டையிலும் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.
4. வாக்குமூலமானால் யார், எப்போது, எங்கே என்பவை இருக்கின்றனவா என்று கேளுங்கள்.
5. விளங்காத சொல்லின் கீழ் பென்சிலால் கோடிட்டு, பிரதியொன்றை எடுத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டிய பின் கையொப்பமிடுங்கள். ஒரு நாள் அவகாசம் கேட்பதில் வெட்கமில்லை.

கையொப்பமிட்ட தாளின் பிரதியை உறுதிப் பெட்டியிலேயே வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, அதிலுள்ள பெயர்கள் அவர்களுக்கு உரியதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.